நூற்று நாற்பத்து மூன்றாவது மாற்றம்

1

போன செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு ஒரு பொய் வந்து சேர்ந்தது. இரண்டே சொற்கள். "சிறு துப்புரவு."

நான் ஸ்காபரோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவன். எழுதுகிறவன் என்பதைவிட, மற்றவர்கள் எழுதி வைத்ததைத் திருத்துகிறவன் என்பது சரி. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: புரோகிராம் என்பது கடைசியில் எழுத்துத்தான். ஒருவர் அதில் நாலு வரியை மாற்றினால் இன்னொருவர் அதை வாசித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். மாற்றத்தோடு ஒரு குறிப்பும் வர வேண்டும். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று. யார் மாற்றினார், எந்த நாள், எத்தனையாவது வினாடி என்பதையெல்லாம் இயந்திரம் தானே பதிந்துகொள்ளும். ஏன் என்பதை மட்டும் அதனால் பதிய முடியாது. அதை மனிதன் எழுத வேண்டும். மனிதன் எழுதிய இலட்சணம்தான் அந்த இரண்டு சொற்கள்.

திறந்து பார்த்தேன். ஏழு வரி. விண்ணப்பம் போடுகிறவரின் தபால் குறியீடு ஒரு பட்டியலில் இருந்தால், அவருடைய விண்ணப்பம் மற்றவர்களுடையதைப் போல நேரே போகாது. தனி வரிசையில் போய் நிற்கும், யாராவது எடுத்துப் பார்க்கும்வரை. பட்டியலை வாசித்தேன். ஒன்று நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் கோயில் இருக்கிற தெரு. ஒன்று நான் மீன் வாங்குகிற கடையின் தெரு. ஒன்று என்னுடைய வீடு.

எங்கள் குழுவின் தலைவன் பெயர் பிறண்டன். வயது முப்பத்தொன்று. சப்பாத்து இல்லாமல் அலுவலகத்துக்குள் நடப்பான். மேசையில் ஒரு செடி வைத்து அதற்குப் பெயரும் வைத்திருக்கிறான். அவனிடம் போய், ஏழு வரி புதிதாக வந்திருக்கிறதே, இதை ஏன் துப்புரவு என்று எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"கோட் சுத்தமாக இருந்தால் அதுவே பேசும், கிளெம். விளக்கம் தேவையில்லை," என்றான்.

என் பெயர் கிளமென்ற். இருபது வருடங்களாக இந்த அலுவலகத்தில் கிளெம். இவர்களுக்கு எதையும் பாதியில் வெட்டினால்தான் சுத்தம்.

கோட், அதாவது அந்தப் புரோகிராம் எழுத்து, சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. நான் அதைக் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் படித்தவன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகச் சுத்தமான பதினொரு வரி எது என்றும் எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

யுத்தக் காலம். கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் நிறுவனம். பெயர் வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஞானஸ்நானம் பெற்று, வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்து வேலைக்குப் போகிறவன். உலகத்தில் இதைவிடப் பெரிய தகுதி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொம்பியூட்டர் பகுதி என்பது கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு அறை. அந்தக் கட்டடத்திலேயே குளிரூட்டி இருந்தது இரண்டு இடங்களில்: பணிப்பாளரின் அறை, எங்கள் அறை. எங்களுடையது எங்களுக்காக அல்ல, இயந்திரத்துக்காக. அதில் புரோகிராம் எழுத இரண்டு பேர். நானும் மெற்றில்டாவும். எங்களுக்கு மேலே முகாமையாளர் சற்குணநாதன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்து வருவார். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி. தமிழிலேயே கதைப்பார், ஆனால் தமிழில் கதைப்பது எங்களுக்குச் செய்கிற ஒரு தயவு என்பது போலக் கதைப்பார்.

நான் சேர்ந்தபோது அங்கிருந்த புரோகிராம்களைப் பார்த்தால் குடலைப் புரட்டும். சற்குணநாதனின் கட்டளை: எந்த வரியையும் அழிக்கக் கூடாது. பழைய வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் செயலிழக்கப் பண்ணிவிட்டு, கீழே புது வரியை எழுதி, மேலே மாற்றியவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். ஆயிரம் வரி இருந்த ஒரு புரோகிராமில் உயிரோடு இருந்தது முந்நூறு வரி. காரணங்களை வாசித்தால் இன்னும் விசேஷம். "காரணம்: சேர் சொன்னார்." "காரணம்: சேர் திரும்பவும் சொன்னார்." ஓரிடத்தில் ஒருவர், "இது ஏன் என்று தெரியாது, தொட வேண்டாம்" என்று எழுதிவிட்டுக் கனடாவுக்குப் போயிருந்தார். எனக்கு முன்னால் வந்த கனடாக்காரர்களில் நான் முதலில் வெறுத்தது அவரை.

மெற்றில்டா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஹெந்தளையில் இருந்து வருவார். நீர்கொழும்பு வீதி பஸ்ஸை இராணுவம் களனிப் பாலத்தில் மறித்து, எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பையைக் கொட்டிக் கிளறி, திரும்ப ஏற்றி அனுப்ப, எட்டரைக்கு வர வேண்டியவருக்கு ஒன்பதரையாகும். சற்குணநாதன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மெற்றில்டா அவரைப் பார்க்க மாட்டார்.

வந்து இரண்டாம் மாதம் என்னிடம் கேட்டார். "கிளமென்ற், இது புரோகிராமா, சவக்காலையா? செத்த வரியெல்லாம் இதுக்குள்ளேயே கிடக்குது."

"சேர் அழிக்க வேண்டாமாம் அக்கா. என்ன மாத்தினது எண்டு தெரிய வேணுமாம்."

"தெரியத்தான் வேணும். ஆனா இதுக்குள்ள இல்ல. புரோகிராமில இருக்க வேண்டியது இண்டைக்கு நடக்கிறது மட்டும். நேற்று என்ன இருந்தது, ஏன் மாத்தினது எண்டதுக்கு வேற இடம் வேணும்."

வேற இடம் என்றால் ஒரு சி.ஆர். கொப்பி. பள்ளிக்கூடத்து மொனிற்றர்மார் வைத்திருப்பார்களே, தடித்த மட்டை போட்டுத் தைத்த கொப்பி. அதில் கோடு அடித்து ஆறு கட்டம் போட்டார். இலக்கம், திகதி, கேட்டவர், என்ன மாற்றம், ஏன், செய்தவர். கொப்பியில் இலக்கம் விழாமல் எந்த மாற்றமும் பாவனைக்குப் போகாது. மாற்றத்தைக் கொண்டுபோகிற டிஸ்கெட் அவருடைய மேசை லாச்சியில் பூட்டியிருக்கும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் நாலு மாதம் இருந்து செத்த வரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தோம். ஆயிரம் வரி முந்நூறாக வந்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். என்ன நடந்தது என்று கேட்டால் கொப்பியைத் திறக்கலாம்.

சற்குணநாதன் முதலில் கத்தினார். பிறகு, இது தன்னுடைய ஏற்பாடு என்று பணிப்பாளருக்குச் சொன்னார்.

3

துறைமுகத்துக்குள் போகிற எங்கள் ஆட்களின் பெயர்ப் பட்டியலை மாதாமாதம் வாசல் பாதுகாப்புக்குக் கொடுக்க வேண்டும். கேற் லிஸ்ற் என்போம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை. அவ்வளவுதான். நகரத்தில் ஒரு குண்டு வெடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். சற்குணநாதன் என்னைக் கூப்பிட்டார்.

"கிளமென்ற், கேற் லிஸ்ற்றில ஒரு சின்னச் சேஞ்ச். பிறந்த இடம் வடக்குக் கிழக்கா இருக்கிற ஆக்களைத் தனித் தாளில அடிக்க வேணும். பிறந்த இடமும் பக்கத்தில வரவேணும்."

"செக்கியூரிட்டியில கேட்டவையா சேர்?"

"கேட்கேல்ல. கேட்க முந்திக் குடுத்தாத்தான் எங்களுக்கு மரியாதை, மேன். அவங்கள் எல்லாத் தமிழரையும் ஒண்டாப் பாக்கிறாங்கள். நாங்கதான் பிரிச்சுக் காட்ட வேணும். வடக்கில இருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில நிக்கிறதுகளும் நானும் ஒண்டா?"

இப்படி ஒரு மனிதர். இவரை நான் ஏன் இவ்வளவு இகழ்கிறேன் என்றால், அன்று அந்தக் கேள்விக்கு என் மனதில் வந்த பதிலும் அவருடைய பதில்தான். ஒன்றல்ல. நான் கொட்டாஞ்சேனை. என் பெயர் முதல் தாளில் வரும்.

பதினொரு வரி எழுதினேன். அழகாக எழுதினேன். ஒவ்வொரு பெயரும் தன் வேலையைச் சொல்லும். ஒரு வரி மிகை இல்லை. வாசிக்கிறவன் எங்கும் தடக்க மாட்டான். சோதித்துப் பார்த்ததில் இரண்டாம் தாளில் ஒன்பது பெயர் விழுந்தது. புரோகிராம் சரியாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒன்பது பேரில் ஒருவரின் பெயரையும் நான் வாசிக்கவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

மெற்றில்டா கொப்பியைத் திறந்தார். இலக்கம் நூற்று நாற்பத்து மூன்று.

"கேட்டது ஆர்?"

"சேர்."

"ஏனாம்?"

"அது அவரைத்தான் கேட்க வேணும்."

எழும்பிப் போய்க் கேட்டார். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. "காரணம் என்ன எண்டு எழுதிறது சேர்?"

"அதெல்லாம் எழுதத் தேவையில்ல மிஸ். சின்னத் திருத்தம் எண்டு போடுங்கோ."

திரும்பி வந்து உட்கார்ந்து, கன்னியாஸ்திரிகள் பழக்கிய அந்த நேர் எழுத்தில் எழுதினார். கேட்டவர்: முகாமையாளர் சற்குணநாதன். மாற்றம்: வடக்குக் கிழக்கில் பிறந்த ஊழியர்களின் பெயர்கள் தனித் தாளில். ஏன்: கேட்டேன், சொல்லவில்லை. செய்தவர்: கிளமென்ற்.

"என்ர பேரை ஏன் அக்கா?"

"செய்தது நீர்தானே. என்னால மறிக்க ஏலாது. எழுதாமல் விடவும் ஏலாது." மூடியைப் பேனையில் போட்டார். "நீர் மறிச்சிருக்கலாம்."

4

அடுத்த திங்கட்கிழமை காலையே வாசலில் ஒன்பது பேரையும் வரிசையில் இருந்து எடுத்துவிட்டார்கள். எட்டுப் பேரை மத்தியானத்துக்குள் விட்டார்கள். யோகராசாவை விடவில்லை.

யோகராசா ரலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்குகிற சாக்கையும் பெட்டியையும் நின்று எண்ணிக் குறிக்கிற வேலை. நாற்பத்தெட்டு வயது. வடக்கே காரைநகரில் பிறந்து, இரண்டு வயதில் தாயின் மடியில் ரயிலேறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். அதன் பிறகு காரைநகரைப் பார்த்தது இரண்டு சாவீட்டுக்கு. துறைமுகத்துச் சிங்களத்தைத் துறைமுகத்துச் சிங்களவரைவிட நன்றாகக் கதைப்பார். அவர் காரைநகர் என்பது கம்பனியில் யாருக்குமே தெரியாது. பிறப்புச் சான்றிதழுக்கும் என்னுடைய பதினொரு வரிக்கும் மட்டும்தான் தெரியும்.

அவருடைய சிக்கல் இதுதான். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. அந்தப் படிவத்தை வீட்டுச் சொந்தக்காரர் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தார். பிறந்த இடம் என்ற இடத்தில், இவ்வளவு காலமும் இங்கேதானே இருக்கிறார் என்று, கொழும்பு என்று எழுதிவிட்டார். கேற் லிஸ்ற்றின் இரண்டாம் தாள் காரைநகர் என்றது. இரண்டு தாள் இரண்டு கதை சொன்னால், கையில் இருக்கிற மனிதன் பொய்யன் என்பதுதான் அன்றைய கணக்கு. மனிதனைக் கேட்க ஒருவருக்கும் தோன்றாது. அவன் ஒரு தாள் அல்லவே.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி புஸ்பம் கம்பனிக்கு வந்தார். சற்குணநாதன் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, நடைபாதையில் வைத்தே கதைத்தார்.

"சேர், இவ்வளவு காலமும் எல்லாரோடையும் ஒரே தாளிலதானே இவற்ற பேர் போனது. இப்ப மட்டும் ஏன் வேற தாளில?"

"அது கொம்பியூட்டர் அடிக்கிறது அம்மா. அதுக்கு நாங்க ஒண்டும் செய்ய ஏலாது."

"கொம்பியூட்டருக்கு ஆர் சொன்னது?"

சற்குணநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மனுசி எட்டாம் வகுப்புத் தாண்டாதவர். கொம்பியூட்டரைத் தொட்டதில்லை. அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் இருந்து வந்த நிபுணர்களோடு எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன். அதைவிடச் சரியான கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. நான் கண்ணாடிக்கு உள்ளே, குளிரில், திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

5

ஒரு மனிதரை உள்ளே வைத்துவிட்டதால் கப்பல் வேலை தடைப்பட்டது. பணிப்பாளர் சற்குணநாதனைக் கேட்டார். அவர், இளம் புரோகிராமர் தன் எண்ணத்துக்கு ஏதோ மாற்றிவிட்டான், வெள்ளிக்கிழமை உங்களிடம் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார், ஒரு நல்ல செய்தி போல.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை. மெற்றில்டா இன்னும் பாலத்தடியில்.

"அந்தப் பதினொரு வரியையும் எடுத்துவிடும், மேன். கோட் கிளீனா இருக்க வேணும். கொப்பியும் கிளீனா இருக்க வேணும்." குரலைத் தாழ்த்தினார். "கொப்பியில செய்தவர் எண்டு கிடக்கிறது உம்மட பேர். விளங்குதா?"

அவருடைய பெயரும்தான் கிடந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் கணினியில் இருந்த வரிகளை எடுத்தேன். அது நல்ல காரியம். பிறகு மேசையில் இருந்த கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். தைத்த கொப்பி. ஒன்றைக் கிழித்தால் அதன் மறுபாதித் தாளும் கழன்று வரும். இரண்டையும் துண்டு துண்டாக்கி மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் அடித்தேன். இரண்டு தரம் அடிக்க வேண்டியிருந்தது.

மெற்றில்டா வந்து கொப்பியைத் திறந்தார். தையல் தளர்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெற்றுத் தாளில் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்.

"இலக்கம் நூற்று நாற்பத்து நாலு. மாற்றம்: இலக்கம் நூற்று நாற்பத்து மூன்று இருந்த பக்கம் கிழிக்கப்பட்டது. அதில் இருந்தது பின்வருமாறு." பிறகு அந்தப் பழைய பதிவு, ஒரு சொல் பிசகாமல். அவருக்கு அது பாடமாகவே இருந்தது. "கேட்டவர்: முகாமையாளர் சற்குணநாதன். செய்தவர்: கிளமென்ற். ஏன்:" அங்கே நிறுத்தினார். "ஏன் எண்டு நீர் சொல்லும்."

"பயம் அக்கா."

"பயம்" என்று எழுதினார். கொப்பியை என் பக்கம் திருப்பினார். "சைன் பண்ணும்."

"நான் உள்ள போயிடுவன் அக்கா."

"யோகராசா அண்ணன் உள்ளதான் இருக்கிறார்."

கையெழுத்துப் போட்டேன். இதை ஒரு வீரச்செயலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் சற்குணநாதனைவிட மெற்றில்டாவிடம்தான் எனக்குப் பயம் கூட. அவ்வளவுதான் அதில் உள்ள சங்கதி.

கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பணிப்பாளரின் அறைக்கு நேரே போனார். நான் பின்னால் போனேன். பணிப்பாளர் வயதான சிங்களவர். மெற்றில்டா பதிவைச் சிங்களத்தில் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கவுத மேக்க கிவ்வே?" என்றார். இதை யார் சொன்னது என்று.

மெற்றில்டா கொப்பியை அவர் பக்கம் திருப்பினார். எழுதியிருந்த பெயரில் விரலை வைத்தார்.

பணிப்பாளர் புனிதர் அல்ல. கம்பனியின் பெயர் எங்கே போய் மாட்டும் என்பதுதான் அவர் கேட்ட அடுத்த கேள்வி. ஆனால் கடிதம் எழுதினார். இரண்டாம் தாள் யாரும் கேட்காமல் கம்பனி தானாக அடித்தது, பிறந்த இடம் சான்றிதழில் இருந்து எடுத்தது, அந்த மனிதர் இங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறார் என்று. தானே கொண்டு போய்க் கொடுத்தார். யோகராசா உள்ளே போன இருபத்து மூன்றாம் நாள் வெளியே விட்டார்கள்.

சற்குணநாதனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழமை லீவில் நின்றார். பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. பிறகு அவுஸ்திரேலியா. அங்கே முதியோர் சங்கத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறாராம். கேட்டுக் கைதட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் சனத்துக்குக் கைதட்டத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் தெரியாது.

6

எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நானும் கனடாவுக்கு வந்தேன்.

அகதி விசாரணைக்குப் போகும்போது ஆங்கிலம் தெரிந்தாலும் தெரியாதவன் போல இரு என்று இங்குள்ள எங்கள் ஆட்கள் புத்தி சொன்னார்கள். கேட்டேன். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். என்ன வேலை செய்தாய் என்ற கேள்விக்கு, "கம்பனியில பதிவு எழுதினனான்" என்றேன். பதிவு எழுதுகிறவர் என்றால் எங்கள் ஊரில் கலியாணம் பதிகிறவரும்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிட்டார். கனடா அரசாங்கத்தின் கோப்பில் நான் இன்றைக்கும் ஒரு விவாகப் பதிவாளர்.

பிறகு அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். பாதுகாப்புப் படையினருக்கு ஆட்களின் பட்டியல் எதுவும் தயாரித்துக் கொடுத்திருக்கிறாயா? மொழிபெயர்க்கிறவர் அதைத் தமிழில் சொல்லும் மட்டும் எனக்கு யோசிக்க நேரம் இருந்தது.

"இல்லை," என்றேன்.

அவர் ஒரு கட்டத்தில் சரி போட்டார். பக்கத்தில் ஏன் என்று ஒரு கட்டம் இருக்கவில்லை.

போன செவ்வாய் வீட்டுக்கு வந்து, பிறண்டனின் இரண்டு சொற்களைப் பற்றி மகளிடம் புலம்பினேன். ஷெரினுக்கு இருபத்து நாலு வயது. என்னோடு கதைக்கும்போது ஒரு கண் எப்போதும் கைத்தொலைபேசியில் இருக்கும். கொட்டாஞ்சேனையை "கொட்டசேனா" என்பாள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. ஆனால் அன்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு வரியையும், கொப்பியையும், கிழித்ததையும், அதிகாரியிடம் இல்லை என்றதையும் சொன்னேன். முதல் தரம் அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப அப்பா, நீங்கதான் அந்த பிறண்டன்," என்றாள்.

கோபம் வந்தது. தமிழும் ஒழுங்காக வராத பிள்ளைக்கு இது மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்காக வந்தது என்று. சாப்பிடாமல் எழும்பிப் போனேன்.

அடுத்த நாள் பிறண்டனுக்கு எழுதினேன். ஏன் என்று எழுதாமல் ஒப்புதல் தர மாட்டேன், நான் மறுத்ததையும் என் பெயரோடு எழுது என்று. அவன் என்னோடு வாதாடவில்லை. இவர்கள் வாதாட மாட்டார்கள். இன்னொரு பையனிடம் கொடுத்தான். நாலு நிமிடத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. நான் அந்த மாற்றத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், அந்த ஏழு வரி உண்மையில் என்ன செய்கிறது என்று எழுதி, "ஏன்: கேட்டேன், சொல்லவில்லை" என்று முடித்து என் முழுப் பெயரையும் போட்டேன். சட்டப் பிரிவில் இருந்து ஒரு பெண் அதை வாசித்துவிட்டு, திங்கட்கிழமை என்னைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறாள். அது என் வேலைக்கு நல்லதா கெட்டதா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

7

ஷெரினுக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

வெளியே விட்ட இரண்டாம் நாள் யோகராசா கம்பனிக்கு வந்தார். முடி ஒட்ட வெட்டியிருந்தது. இடது கையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தார். எங்கள் அறைக்குள் அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு வாசலடியில் நின்று மெற்றில்டாவுக்கு நன்றி சொன்னார்.

மெற்றில்டா நன்றியை ஏற்கவில்லை. கதிரை இழுத்துப் போட்டு அவரை இருத்தி, கொப்பியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். "முதல் இதை வாசியுங்கோ அண்ணன். பிறகு ஆருக்கு நன்றி சொல்றது எண்டு பாருங்கோ."

நான் எழும்பி ஓடியிருக்கலாம். இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அவர் மெதுவாக வாசித்தார். எண்ணிப் பழகிய மனிதர். ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து வைத்து வாசித்தார். செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஏன் என்ற கட்டத்தில் இருந்த "பயம்" என்பதையும் தாண்டிப் போனார். கடைசிவரை வாசித்துவிட்டு, தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"தங்கச்சி, இதில என்ர பேர் எங்க?"

மெற்றில்டா கொப்பியைப் பார்த்தார். ஆறு கட்டம். கேட்டவருக்கு ஒன்று இருந்தது. செய்தவருக்கு ஒன்று இருந்தது. அவருக்கு, அந்த ஒன்பது பேருக்கு, ஒரு கட்டமும் இல்லை. தன் ஏற்பாட்டில் ஒரு பிழை இருக்கிறது என்று யாரும் சொல்லி மெற்றில்டா முகம் மாறியதை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"இல்லை அண்ணன்," என்றார். "நான் போடேல்ல."

யோகராசா என் பக்கம் கையை நீட்டினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்தார். தாளின் ஓரத்தில், கோடு இல்லாத இடத்தில், ரலி கிளார்க்கின் உருண்டை எழுத்தில் தன் முழுப் பெயரை எழுதினார். அதன் கீழே, அன்று வாசலில் தன்னோடு நின்ற மற்ற எட்டுப் பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதினார். எனக்குத் தெரியாத பெயர்கள். நான் எண்ணிய பெயர்கள்.

எழுதி முடித்து, ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணிச் சரிபார்த்தார். பேனையை என்னிடம் திருப்பித் தந்தார்.

"நாளைக்கு வேலைக்கு வரட்டாம்," என்றார். "என்ர பேரை எந்தத் தாளில அடிக்கப் போறீர், தம்பி?"

"இனி ஒரு தாள்தான் அண்ணன்," என்றேன்.

அவர் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"எழுதும்."

நூற்று நாற்பத்தைந்தாவது மாற்றத்தை, இனி எல்லாப் பெயரும் ஒரே தாளில் என்று, நானே எழுதினேன். ஏன் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் போகாமல் பக்கத்தில் நின்றார், நான் எழுதி முடிக்கும்வரை.